எந்தக் கட்டடமும் பத்தாது

உலகத்தில் உயரமான கட்டடம் எதுவும் இதுவரை கட்டி முடிக்கப்படவில்லை. நியூயார்க்கில் நிற்பது, ஷாங்காயில் நிற்பது, சென்னையில் கண்ணாடி போர்த்திக்கொண்டு நிற்பது, எல்லாமே பாதியில் நிற்கின்றன. கட்டியவர்களுக்கு இது தெரியாது. உள்ளே குடியிருப்பவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் நெய்வேலி டவுன்ஷிப்பில், மாமரத்தைவிட உயரமாக ஒரு வீடுகூட இல்லாத தெருவில், எனக்கு அடுத்த குவார்ட்டர்சில் குடியிருந்தார்.

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறு எங்கும் அது வழங்கியதாக எனக்கு நினைவில்லை. ஊருக்கே அவர் ‘பத்தாது’. நேரில் பேசும்போது மட்டும் மரியாதையாக ‘பத்தாது சார்’. எந்தக் கட்டடத்தின் படத்தைக் காட்டினாலும், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி அளந்துவிட்டு அவர் சொல்லும் ஒரே வார்த்தை அது. எத்தனை மாடி என்று கேட்கமாட்டார். எந்த ஊர் என்றும் கேட்கமாட்டார். உச்சியைப் பார்ப்பார், முகம் வாடும், “பத்தாது” என்பார். துக்கம் விசாரிக்கப் போனவர் மாதிரி இருக்கும்.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் படம் வரைபவர். நான் பெர்சனல் டிபார்ட்மென்ட். யார் என்ன செய்தாலும் அது எந்த விதியின் எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பத்தாதுவைச் சந்திக்கும்வரை இருந்தது.

முதல் அதிர்ச்சி ஒரு காலண்டரால் வந்தது. டிராயிங் ஆபீஸ் சுவரில் யாரோ ஒரு வெளிநாட்டுக் காலண்டரை மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு வானளாவிய கட்டடம். பத்தாது சில வாரங்கள் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் காலையில் ஆபீசைத் திறந்தவர்கள் பார்த்தபோது, அந்தக் கட்டடம் காலண்டரின் மேல் விளிம்பைத் தாண்டி, ஆணியைத் தாண்டி, சுவரில் ஏறி, உத்தரம் வரைக்கும் போயிருந்தது. ஜன்னல் ஜன்னலாக, ஸ்கேல் வைத்து, மையில் வரைந்திருந்தார். சுவருக்கு வெள்ளையடிக்கும் பிரிவிலிருந்து எனக்குப் புகார் வந்தது. ஆளைக் கூப்பிட்டேன்.

“சுவத்துல எதுக்கு வரைஞ்சீங்க?”

“காலண்டர்ல எடம் இல்ல சார்.”

“நான் அதைக் கேக்கல. எதுக்கு வரையணும்?”

“நீங்களே வந்து பாருங்க சார். கழுத்து வரைக்கும் கட்டிட்டு, தலைய வைக்காம வுட்டுட்டானுங்க. அத தெனமும் பாத்துக்கினு எப்பிடி சார் வேல செய்யறது?”

அலுவலகச் சுவரில் எழுதக்கூடாது, ஒட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை உண்டு. கட்டடத்தைத் தொடரக்கூடாது என்று எதிலும் இல்லை. வாய்மொழியாகக் கண்டித்து அனுப்பினேன். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, டிராயிங் ஆபீசிலிருந்து இன்னொரு புகார். காலண்டரில் மிச்சமிருக்கும் கட்டடம் இப்போது மொட்டையாகத் தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை, கழற்றச் சொல்லுங்கள் என்று மொத்த ஆபீசும் கையெழுத்துப் போட்டிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். மொட்டையாகத்தான் இருந்தது. எனக்கே அப்படித் தெரிந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய அதிர்ச்சி.

இந்த நோய்க்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டுமே என்று ஒருநாள் கூட்டுறவு ஸ்டோர் வரிசையில் நிற்கும்போது கேட்டேன். சர்க்கரைப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

“சார், நம்ம மைன்ஸ் எவ்ளோ கீழ போயிட்டுது? நானே வரைஞ்சிக்கினு இருக்கறன், எனக்குத் தெரியும். வருசா வருசம் கோடு கீழதான் போவுது. தோண்டின மண்ணு எங்க போவுது?”

“மண்மேட்டுக்கு.”

“அது ஒசரமா சார்? சரிஞ்சி பரவிக் கெடக்குது. நாம கீழ போற அளவுக்கு ஒலகத்துல எவனாவது மேல போவணும் இல்ல? இல்லன்னா கணக்கு எப்பிடி நேராவும்?”

“அமெரிக்காக்காரனுக்கு நம்ம மைன்ஸ் ஆழம் எப்படிய்யா தெரியும்?”

“அதான் சார் ஏமாத்தமா இருக்குது. யாரையும் கேக்காம கட்டறான்.”

என் முறை வந்தது, பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவருக்குக் கோயில் கோபுரங்களோடு சண்டை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபுரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுவார். “அது முடிஞ்ச வேல சார். உச்சியில கலசம் வச்சிட்டான் இல்ல. கலசம் வச்சா அதுக்கப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. இந்தக் கண்ணாடிக் கட்டடக்காரன் ஒருத்தனாவது கலசம் வைக்கிறானா? அவனுக்கே தெரியும், முடிக்கலன்னு.”

அடுத்தது பெரிய சம்பவம். சுரங்கத்துக்கு வெட்டுப்படம் என்று ஒன்று வரைவார்கள். பூமியைக் கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அது. தரைமட்டக் கோடு தாளின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓடும். அதற்குக் கீழே மண், களிமண், தண்ணீர், நிலக்கரி என்று அடுக்கடுக்காக வேலை. கோட்டுக்கு மேலே வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாள் அவரை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் வேலை முடிந்ததும் அதில் பென்சிலால் ஒரு கட்டடம் வரைவாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்துவிடுவாராம். ஒருநாள் அழிக்க மறந்துவிட்டார்.

வெளியூரிலிருந்து வந்த நிபுணர்கள் முன்னால் அந்தப் படம் திரையில் விழுந்தது. சுரங்கத்தின் விளிம்பில், ஒரு அடி தள்ளி வைத்தால் உள்ளே விழுந்துவிடும் இடத்தில், நாற்பது ஐம்பது மாடிக் கட்டடம் ஒன்று கம்பீரமாக நின்றது. வந்தவர்களில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, இந்த ஓட்டல் எப்போது திறக்கப்படும் என்று கேட்டாராம். விளக்கம் கேட்கும் மெமோவை நான்தான் தயாரித்தேன். மூன்று பத்தி, ஒரு ஓட்டை கிடையாது. பதில் ஒரே வரியில் வந்தது. ‘கட்டடம் வரைந்தது உண்மை, அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் முழு உயரத்துக்கு வரைய முடியவில்லை, அதற்காக வருந்துகிறேன்.’

என் சர்வீசில் எத்தனையோ விளக்கக் கடிதங்கள் படித்திருக்கிறேன். கேட்காத குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம் அது ஒன்றுதான். விதிப்புத்தகத்தில் இருப்பதிலேயே சின்னத் தண்டனையான எச்சரிக்கையைக் கொடுத்தோம். உத்தரவைக் கையில் கொடுக்கும்போது, அதையும் பத்தாது என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஒருமுறை ஆபீஸ் வேலையாக அவரும் நானும் சென்னைக்குப் போனோம். கழுத்தில் அடையாள அட்டை, என் கையில் ஃபைல் கட்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு புதுக் கட்டடத்தின் முன்னால் மனிதர் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். கட்டை விரலை நீட்டினார். நான் இழுத்தேன், வரவில்லை. வாசல் காவலாளி எங்கள் அட்டையையும் ஃபைலையும் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். ஒரு மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“சார், எல்லா அப்ரூவலும் இருக்கு சார். ஒரு மாடிகூட அதிகமா கட்டல.”

“அதான் தெரியுதே,” என்றார் பத்தாது. “ஏன் கட்டல?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

“இன்னும் எட்டு மாடி இருந்தா எவ்ளோ அம்சமா இருக்கும். ஏன் கேக்காம வுட்டீங்க?”

“கேட்டா... குடுப்பீங்களா சார்?”

“தாராளமா.”

கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரியாக வேடம் போடுவதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த மேனேஜர் யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நகல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை பின்னால் வந்தார்.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். குவார்ட்டர்சில் அடுத்தடுத்து இருந்தவர்கள் வெளியே போயும் அடுத்தடுத்து மனை வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். பழகிய தொந்தரவு பழகாத தொந்தரவைவிட மேல் என்று ஒரு எண்ணம். அப்படித்தான் வடலூரிலும் அவர் எனக்கு அடுத்த வீடு. அவர் வீடு கட்ட ஆரம்பித்ததும் தெருவே கவலைப்பட்டது. விமானம் போக இடம் இருக்குமா என்று என் மனைவி கேட்டாள். ஆனால் அவர் கட்டியது வெறும் தரைத்தளம். மேலே மொட்டை மாடி. மாடியில் பிற்பாடு கட்டுவதற்காகத் தூண்களிலிருந்து கம்பி விடுவார்களே, அது மட்டும் மற்ற வீடுகளில் முழங்கால் உயரம் இருந்தால் இவர் வீட்டில் ஆள் உயரம்.

“என்ன சார், நீங்களே இப்படிக் கட்டிட்டீங்க?” என்றேன்.

“வூடு வேற, கட்டடம் வேற சார். வூட்டுல மனுசன் படுக்கத்தான போறான். படுத்தா எவ்ளோ ஒசரம் வேணும்? அதான் கம்பி வுட்டிருக்கறேனே.”

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கும்படியானது. அடுத்து நடந்தது அப்படி இல்லை.

அவருக்கு ஒரே மகள், மலர்விழி. பண்ருட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வந்த மூன்று வரன்கள் அப்பாவின் ஒரு வார்த்தையால் திரும்பிப் போயிருந்தன. முதல் வரனின் சித்தப்பா சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்பவர். விளம்பரப் படத்தைக் காட்டினார். இரண்டாவது வரன் சிங்கப்பூரில் வேலை. செல்போனில் ஊரைக் காட்டினான். மூன்றாவது பையனுக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவன் போட்டிருந்த பனியனில் ஒரு கட்டடம் இருந்தது. அவ்வளவுதான்.

நான்காவதாகப் பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி மண்டிக்காரர் குடும்பம் வருவதாக இருந்தது. பையன் துபாயில் சைட் இன்ஜினியர். என்ன கட்டுகிறான் என்று கேட்டேன். பத்தாதுவின் மனைவி சிவகாமி தலையில் கை வைத்துக்கொண்டு, “அதத்தான் அண்ணே கட்டறான்,” என்றார்.

இந்தத் தடவை நிலைமை வேறு. பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. “இதுவும் போச்சின்னா இனிமே யாரையும் வரச் சொல்லாதன்னுட்டா அண்ணே. அழுதுட்டு சொன்னாகூடப் பரவால்ல. சாதாரணமா சொல்லிட்டு பரீட்ச பேப்பர் திருத்திக்கினு குந்திருக்கறா. நீங்கதான் அன்னிக்கு அவர் பக்கத்துல குந்தணும்.”

நடைமுறையை நான் வகுத்தேன். வீட்டிலிருந்த காலண்டர் இறங்கியது. முதல் பக்கம் முழுக்க அடுக்குமாடி விளம்பரம் போட்ட ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் என் வீட்டுக்கு வந்தது. மூடியில் லண்டன் படம் போட்ட பிஸ்கட் டின் வந்தது. ஊதுபத்திப் பாக்கெட்டில் கோயில் கோபுரம்தான்; அது இருக்கலாம் என்று அனுமதித்தேன். கடைசியாகச் சிவகாமி அவரை வள்ளலார் சபைக்கு அழைத்துக்கொண்டு போய், ஜோதிக்கு முன்னால் நிறுத்தி, அன்றைக்குக் கட்டடத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். பத்தாது மறுக்கவில்லை. “என் பொண்ணுக்காக வாயத் தைச்சிக்கினா என்னா,” என்றாராம்.

வந்தார்கள். மண்டிக்காரர் நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, கணீர்க் குரல். கூட அவருடைய மனைவியும் நாலைந்து உறவினர்களும். முந்திரியும் பலாச்சுளையும் கொண்டுவந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. மழை, முந்திரி விலை, பஸ் கூட்டம் என்று பேச்சு ஒழுங்காகப் போனது. பத்தாது கையைக் கட்டிக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

“பையன் குடுத்தனுப்பிச்சான்,” என்று சொல்லிக்கொண்டே மண்டிக்காரர் பையிலிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் கண்ணாடியில் செய்த கட்டடம். “இவன் நின்னு கட்டினது. வேல முடிஞ்சப்ப கம்பெனில ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்களாம். சம்பந்தி வூட்லதான் இருக்கணும்னு சொல்லிட்டான்.” தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில், பத்தாதுவின் மூக்குக்கு நேராக அதை வைத்தார்.

சிவகாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் பத்தாதுவின் தொடையை அழுத்திப் பிடித்தேன். அவர் உச்சியைப் பார்த்தார். தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது. உதடு துடித்தது. ஆனால் மனிதர் சத்தியத்தை மீறவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது அவருடைய கை நீண்டது. தட்டிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து அந்தக் கட்டடத்தின் உச்சியில் வைத்தது. கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தார். திருப்தி இல்லை. ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துச் சிமிழின் மேல் வைத்தார். இப்போது பார்த்தார். முகம் மலர்ந்தது.

வாயைத் திறக்கக்கூடாது என்று நடைமுறை வகுத்தவன், கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

“என்னா பண்றாரு இவுரு?” என்றார் மண்டிக்காரர்.

“இது எங்க பக்கத்து சம்பிரதாயம்,” என்றேன் நான். “மாப்பிள்ளை கையால செஞ்ச வேலைக்குக் குங்குமம் வைக்கிறது.”

“எந்தப் பக்கம்? நானும் இந்தப் பக்கந்தான். இங்கேருந்து எங்க வூடு ஒரு பஸ் தூரம்.”

சம்பிரதாயத்துக்கு நான் மேற்கொண்டு ஆதாரம் தேடுவதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகம் சிவந்தது.

“கொறயா இருக்குதுன்றாரா? என் புள்ள அந்த வெயில்ல நின்னு கட்டினது. ஒலகமே வந்து போட்டோ புடிச்சிக்கினு போவுது. அது தலையில பாக்கு வைக்கிறாரு.” துண்டைத் தோளில் போட்டார். “எழுந்திரு,” என்றார் மனைவியிடம். முன்னால் வைத்த காபியை யாரும் தொடவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் காபியைத் தொடாமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்பதற்கு விதிப்புத்தகம் தேவையில்லை.

உள்ளேயிருந்து மலர்விழி வந்தாள். கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தாள், சிமிழைப் பார்த்தாள், பாக்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நியாயம்.

“மாமா, ஒரு நிமிசம்,” என்றாள் மண்டிக்காரரிடம். “எங்கப்பாவ மாத்த முடியாதுங்க. நாளைக்கு உங்க புள்ள வேற ஒண்ணு கட்டினாலும் இவரு இதேதான் செய்வாரு. அது ஒத்து வராதுன்னா இன்னிக்கே தெரிஞ்சிக்கினது நல்லது. ஆனா கட்டினவரு ஒரு வார்த்த சொல்லட்டும். போன் போடுங்க.”

மண்டிக்காரர் வெடுக்கென்று போனை எடுத்தார். வீடியோவில் பையன் வந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் இரைச்சல்.

“டேய், நீ குடுத்தனுப்பிச்ச பொம்மய என்னா பண்ணிட்டாரு தெரியுமா...”

“காட்டிட்டீங்களாப்பா?” என்றான் பையன். “என்ன சொன்னாரு? அவர்கிட்ட காட்டத்தான் குடுத்தனுப்பிச்சேன். மலர் சொல்லியிருக்கா.”

“ஒண்ணும் சொல்லல. சிமிழத் தூக்கி வச்சாரு.”

“எங்க வச்சாரு? போன அந்தப் பக்கம் திருப்புங்க. கிட்ட. இன்னும் கிட்ட.”

முந்திரி மண்டியில் பத்து பேரை மிரட்டி வேலை வாங்கும் மனிதர், முட்டி போட்டு உட்கார்ந்து போனைக் கட்டடத்துக்கு முன்னால் பிடித்தார். பையன் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தான். எனக்குத் தெரிந்து பத்தாதுவின் வேலையை இவ்வளவு நேரம் கவனமாகப் பார்த்த ஆள் அவன் ஒருவன்தான்.

“இல்ல மாமா,” என்றான் கடைசியில். “தப்பு.”

பத்தாதுவின் தலை நிமிர்ந்தது. மண்டிக்காரர் மனைவி பக்கம் திரும்பி, “மாமான்னுட்டான்,” என்றார்.

“அடி அகலத்துக்கு இதான் மாமா அளவு. இதுக்கு மேல ஏத்தினா காத்துல ஆடும்.”

பத்தாது வாயைத் திறந்தார், மூடினார், மனைவியைப் பார்த்தார். சத்தியம் வாங்கியவரே அதை ரத்து செய்யலாம். சிவகாமி, “பேசித் தொலைங்க,” என்றார்.

“ஆடட்டுமே தம்பி. தென்னமரம் ஆடல?”

“தென்னமரத்துல யாரும் குடும்பம் நடத்தல மாமா.”

“கீழ அகலத்த கொஞ்சம் கூட்டிக்கினா?”

“கூட்டலாம். அப்ப பக்கத்துக் கட்டடக்காரன் சண்டைக்கு வருவான்.”

“வரட்டும். அவன் கட்டினதும் பத்தாதுதான். அவனயும் ஏத்தச் சொல்லு.”

இப்படியே போனது. சைட்டில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஹிந்தியில் எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பி வந்தான். முப்பது வருடமாக நாங்கள் பத்தாதுவைக் கேலி செய்திருக்கிறோம், ரசித்திருக்கிறோம், மெமோ கொடுத்திருக்கிறோம். ஒருவரும் அவரோடு சண்டை போட்டதில்லை. மனிதருக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறி, பத்து வயது குறைந்திருந்தது.

“அது மட்டும் இல்ல மாமா,” என்றான் பையன். “நீங்க மாடி ஏத்தவே இல்ல. சிமிழு வச்சி, அது மேல பாக்கு வச்சிருக்கீங்க. பாத்தா என்ன மாதிரி இருக்கு?”

பத்தாது பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

“கலசம்,” என்றாள் மலர்விழி.

“கலசம் வச்சா முடிஞ்ச வேலன்னு நீங்கதான மாமா சொல்லுவீங்க. முடிச்சி வச்சிட்டீங்க. இனிமே நீங்களே ஒண்ணும் சொல்லக்கூடாது.”

பத்தாது கட்டை விரலை நீட்டினார், பாதியில் மடக்கிக்கொண்டார். அதிர்ச்சி அடைந்த பத்தாதுவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மண்டிக்காரர் மெதுவாக எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போயிருந்த காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். “சக்கர பத்தல,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தது அவருடைய மனைவி.

கல்யாணம் வடலூரிலேயே நடந்தது. பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயரைப் படித்த டவுன்ஷிப்காரர்கள் பாதிப் பேர், இது யார் வீட்டுக் கல்யாணம் என்று எனக்குப் போன் செய்தார்கள். மலர்விழி துபாய்க்குப் போனாள். கண்ணாடிக் கட்டடம் சிமிழோடும் பாக்கோடும் பத்தாது வீட்டு அலமாரியில் இருக்கிறது. தூசி துடைப்பவர்கள் அதை எடுத்து, துடைத்து, அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டும்.

போன மாதம் அவரும் சிவகாமியும் துபாய்க்குப் போனார்கள். மகள் பிரசவம் முடியும்வரை அங்கேதான். போவதற்கு முன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மாடிக் கம்பிகளைத் துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கம்பியின் மேல் ஒருநாளும் எந்தத் தளமும் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் சிமெண்ட் பால் அடிக்க ஒப்புக்கொண்டேன்.

முந்தாநாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் உச்சிக்கு மாப்பிள்ளை அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். அங்கிருந்துதான் பேசினார்.

“ஏறிட்டேன் சார்.”

“எப்படி இருக்கு?”

காற்றுச் சத்தத்துக்கு நடுவில் பதில் வந்தது.

“பத்தாது சார்.”

“அதுக்கும் மேல என்னய்யா வேணும் உமக்கு?”

“நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் பாத்துட்டேன் சார். நம்ம தெரு தெரியல.”

போனை வைத்துவிட்டு, சிமெண்ட் வாளியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு மாடிக்குப் போனேன். கம்பிகளுக்கு ஒரு பூச்சுக் கொடுத்தேன். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, துபாய் இருக்கும் மேற்கே பார்த்தேன். மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.

இந்த மாடியும் பத்தாதுதான்.